நெட்டைக் கொத்தனாரும் ஏறிக்கொண்டே போன தரையும்

நெட்டைக்குச் சாரம் கட்ட வேண்டாம், ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டால் போதும், கூரை வரைக்கும் பூசிவிட்டு இறங்கிவிடுவார் என்று கூட வேலை பார்க்கிற கொத்தனார்கள் சொல்வார்கள். ஆறடி இரண்டு அங்குலம். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. தெருவில் சின்னவர்களுக்கு நெட்டையண்ணன், பெரியவர்களுக்கு வெறும் நெட்டை. பெண் கொடுத்த மாமனாரே, "எங்க நெட்டை மாப்பிள்ளை" என்றுதான் பிறரிடம் சொல்லிக்கொள்வாராம்.

அவர் கொத்தனாராகப் பிறந்தவர் இல்லை. ஆறு கடலில் சேரும் இடத்திலிருந்து நாலு மைல் உள்ளே ஒன்றரை ஏக்கர் நெல் நிலம் வைத்திருந்தார். மேலே மழை பொய்த்து ஆற்றில் வரத்து நின்றுபோன வருஷங்களில், ஆளில்லாத வீட்டுக்குள் அடுத்த வீட்டுக்காரன் நுழைகிற மாதிரி, கடல் அந்த வெற்று ஆற்றுக்குள் ஏறி வந்தது. முதல் வருஷம் கதிர் பதராகப் போனது. இரண்டாம் வருஷம் நாற்றே நுனி கருகி நின்றது. மூன்றாம் வருஷம் காலையில் வரப்பில் நின்று பார்த்தால் வயல் முழுக்கச் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளை பூத்திருந்தது. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். கரித்தது. ஆய்வுக்கு என்று ஒரு பை மண் அள்ளிக்கொண்டு போனவர்கள் திரும்ப வரவே இல்லை. நிலத்தை விற்கலாம் என்றால் உப்பு மண்ணை எவன் வாங்குவான்?

"ஏங்க, மண்ணு நம்மள விட்டுடுச்சு. நாம அதைப் பிடிச்சுத் தொங்குறதுல என்ன இருக்கு?" என்று கேட்டது அவர் மனைவிதான். வாய் துடுக்கு. ஆனால் சொல்வது எப்போதும் கணக்காக இருக்கும்.

இரண்டு பேரும் நகரத்து ஓரத்துக்கு வந்தார்கள். உப்பங்கழியை ஒட்டி ஒரு சந்து. கழிப் பக்கம் ஆறு வீடு, எதிர்ப்பக்கம் ஐந்து வீட்டுக்கு இடம். அவர் கையாளாகச் சேர்ந்து நாலு வருஷத்தில் கரணை பிடித்துக் கொத்தனாராகிவிட்டார். அவள் சித்தாள். மண்வெட்டி கலவையில் இறங்குகிற சத்தத்தை வைத்தே தண்ணீர் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று சொல்லிவிடுவாள். எதிர்ப்பக்க ஐந்தாவது இடத்தில், வேலையில்லாத நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக, தங்களுக்கென்று ஒரு வீட்டை எழுப்பினார்கள். ஒரே அறை, ஒரு சமையல் தடுப்பு. சுவர் ஒன்பதடி, மேலே தகரம். வாசல் நிலை ஏழடி. அந்தத் தெருவில் அத்தனை உயர வாசல் வேறு எவருக்கும் கிடையாது. "குனியாம நுழையறதுக்குன்னே ஒரு வீடு கட்டிக்கிட்டான் பாரு," என்று எதிர்வீட்டு டெய்லரக்கா சிரித்தாள். அந்த வீட்டில்தான் மகள் பிறந்தாள்.

தண்ணீர் முதன்முதலில் தெருவுக்கு வந்தபோது பாப்பாவுக்கு மூன்று வயது. மழை இல்லை, புயல் இல்லை. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், சாக்கடை வாய் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி வந்து நடுத்தெருவில் பரவியது. எல்லோரும் குழாய் உடைந்துவிட்டது என்று நினைத்தார்கள். குனிந்து தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தவர் நெட்டை ஒருவர்தான். அந்தக் கரிப்பு அவருக்குப் பழகியது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பேயைக் கழித்துவிட்டோம் என்று ஊர் மாறி வந்தவன் வீட்டு வாசலிலேயே அது உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

அதற்குப் பிறகு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒட்டி நாலைந்து நாள் தண்ணீர் ஏறி இறங்கியது. கழியின் அந்தக் கரையில் இடுப்பளவு வேர்களோடு அடர்ந்து நின்ற அலையாத்தி மரங்களை இறால் குட்டைக்காக வெட்டிவிட்டார்கள். அலையை வாங்கிக்கொள்ள இடையில் ஒன்றும் இல்லை. கடலே முன்னைவிட மேலே நிற்கிறது என்று மீன்பிடிக்கிறவர்கள் சொன்னார்கள். அவர்கள் படகு கட்டுகிற கல்தூணில், பழைய கயிற்றுத் தடம் இப்போது எந்நேரமும் தண்ணீருக்கு அடியில் கிடந்தது.

டெய்லரக்காதான் முதலில் கூப்பிட்டாள். கணவனை இழந்தவள், ஒரு தையல் மெஷினை வைத்துப் பிழைப்பவள். "தம்பி, மெஷின் கால் துருப்பிடிக்குது. தரையை ஒரு அடி ஏத்திக் குடேன்." நகரத்தில் பழைய கட்டடம் இடித்த கல்லும் காரையும் வண்டி வண்டியாகச் சும்மா கிடைத்தது. அதைக் கொட்டி, திமிசு போட்டு இறுக்கி, மேலே ஜல்லி போட்டுப் பூசிக் கொடுத்தார். மறு பௌர்ணமிக்கு அக்கா வீடு காய்ந்து கிடந்தது. அக்கம்பக்கத்து வீடுகளில் தண்ணீர் முன்னைவிட ஏறியது. ஒருத்தர் ஏற்றினால் அடுத்தவர் ஏற்றாமல் இருக்க முடியாது. ஒரே வருஷத்தில் பதினோரு வீட்டுத் தரையையும் நெட்டை ஏற்றினார். நாலு வருஷம் கழித்து இன்னொரு அடி. அதற்குப் பிறகு மூன்று வருஷம் கழித்து, ஒரேயடியாக ஒன்றேகால் அடி.

தரையை ஏற்றலாம், கூரையை ஏற்ற முடியுமா? ஏற்றத்தான் நினைத்தார். இரண்டாம் தடவையே சுவரில் நாலு வரிசைக் கல் கூட்டலாம் என்று மனதில் இருந்தது. அடுத்த வருஷம், அதற்கு அடுத்த வருஷம் என்று தள்ளிப் போனது. அதற்குள் சுவர் உப்புப் பூத்துவிட்டது. பூச்சை எத்தனை தரம் போட்டாலும் ஆறு மாதத்தில் தவிடாகக் கொட்டும். அந்தச் சுவர்மேல் இனி ஒரு செங்கல்லைக்கூட வைக்க முடியாது என்று அவர் கைக்குத் தெரியும்.

அப்படியாக ஒன்பதடி வீடு ஐந்தே முக்கால் அடி வீடானது.

அந்த வீட்டுக்குள் போவது எப்படி என்றால், தெருவிலிருந்து மூன்று படி ஏறி, தலையை நன்றாகக் குனிந்து, உள்ளே போன பிறகும் நிமிராமல் இருக்க வேண்டும். சன்னல் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. வெளியே பார்க்கத் தரையில் உட்கார வேண்டும். மின் சுவிட்ச் கணுக்காலைத் தட்டியது, பிறகு அதை ஒரு மின்காரர் மாற்றிக் கொடுத்தார். தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை, யார் கையாவது போய்விடும் என்று கழற்றிவிட்டார்கள். தகரமோ கை தூக்கினால் தொடும் தூரத்தில். மதியத்தில் அது கொடுக்கிற சூட்டில், வீட்டுக்குள் இருப்பது மூடி போட்ட சட்டிக்குள் இருப்பது மாதிரி. மனைவி ஒரு ஈரத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு சமைப்பாள். "வெளியில தண்ணி, உள்ள நெருப்பு. நடுவுல நாம வேகுறோம்," என்பாள்.

நெட்டை பழகிக்கொண்டார். வெளியே சாரத்தில் நாள் முழுக்க நிமிர்ந்து நின்று வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்தே சட்டை மாற்றுவார். மகளும் அப்பா மாதிரி வளர்ந்தாள். பதினாலு வயதில் ஐந்தடி எட்டு. ஒருநாள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு, "உங்க பொண்ணு ஏன் எப்பவும் கூன் போட்டே நிக்கிறா? கூடைப்பந்துல சேர்க்கலாம்னு பார்த்தேன், நிமிருன்னா நிமிர மாட்டேங்கிறா. கூச்சமா?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் டீச்சர், கூச்ச சுபாவம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது பாப்பா கேட்டாள். "அப்பா, நான் இன்னும் வளருவேனா?"

"வளருவே. உங்கப்பன் இருபது வயசு வரைக்கும் வளர்ந்தான்."

"இதோட நிக்கிறதுக்கு ஏதாச்சும் மருந்து இருக்காப்பா?"

மனைவி சட்டென்று, "மருந்தா? இருக்கு இருக்கு. உங்கப்பனுக்கே குடுத்திருப்பேனே, எனக்குக் கழுத்து வலி மிச்சமாயிருக்கும்," என்றாள். பாப்பா சிரித்தாள். நெட்டை சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். மழை இல்லாமலே நனைந்து கிடந்த தெருவைப் பார்த்தார். இங்கிருந்து போய்விட வேண்டும் என்று அதற்கு முன்னும் நினைத்ததுண்டு. ஆனால் எங்கே போவது? நகரத்துக்குள் வாடகை அவர்கள் கைக்கு எட்டாது. வீட்டை விற்கலாம் என்றால், பார்க்க வந்த ஒரே ஆள் வாசலில் குனியும்போதே சிரித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். பின்னால் உப்பு நிலம், முன்னால் உப்புத் தண்ணீர். எலிப்பொறிக்காவது ஒரு வாசல் உண்டு.

அடுத்த கோடையில் ஒரு செய்தி வந்தது. கழி ஓரத்தில் தண்ணீர் ஏறும் வீடுகளைக் கணக்கெடுத்து, கடலை விட்டுத் தள்ளி உள்ளே கட்டியிருக்கும் அடுக்குமாடியில் குடியேற்றப் போகிறார்களாம். தெரு முழுக்க ஒரே பேச்சு. எத்தனை அறை, எத்தனாவது மாடி, தண்ணீர் நல்ல தண்ணீரா என்றெல்லாம். நெட்டைக்கு ஒரே ஒரு கேள்விதான். "கூரை எவ்வளவு உயரம்?" பத்தடி என்று யாரோ சொன்னார்கள்.

கணக்கெடுக்க வந்தவள் சின்ன வயசுப் பெண். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில் தெருவுக்குள் நடந்து வந்தாள். அளவு நாடா, ஒரு படிவக்கட்டு. டெய்லரக்கா வீட்டில் தொடங்கினாள். படி ஏறி, குனிந்து உள்ளே போய், தரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"உள்ள தண்ணி வர்றதில்லையா?"

"தெருவெல்லாம் நிக்குதே மேடம், பாக்கலையா?"

"தெருவைக் கேக்கலம்மா. வீட்டுக்குள்ள, தரைக்கு மேல அரை அடி, மூணு நாள் தொடர்ந்து நிக்கணும். அப்பதான் பாதிப்புன்னு போட முடியும்."

பதினோரு வீட்டுக்கும் போனாள். பதினோரு தரையும் காய்ந்து, வழவழவென்று, மட்டம் பிசகாமல் இருந்தன. ஒரு விரிசல் கிடையாது. "யாரு போட்டது? நல்ல வேலை," என்று அவள் கேட்டபோது, தெருவே திரும்பி நெட்டையைப் பார்த்தது. படிவத்தில் பதினோரு தடவை 'பாதிப்பில்லை' என்று எழுதிவிட்டு, இன்னும் ஒன்றரை மாதத்தில் மறு ஆய்வு உண்டு என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

அன்று அந்தத் தெருவில் யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மூலையில் குழாயடியில் நின்ற ஒருத்தர், "நெட்டையண்ணே, கொஞ்சம் மோசமா செஞ்சிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவர் முதுகிலேயே நின்றது.

இரண்டு நாள் கழித்து டெய்லரக்கா வந்தாள். படியில் உட்கார்ந்துகொண்டு, சுற்றி வளைக்காமல் சொன்னாள். "தம்பி, என் தரையை உடைச்சுடு."

"என்னக்கா சொல்றே?"

"ஏத்தின மூணே கால் அடியையும் எடுத்துடு. தண்ணி வரட்டும். வந்து நிக்கட்டும். அந்தப் பொண்ணு வந்து பாக்கட்டும்."

"பள்ளம் தோண்டினா வந்த தண்ணி போகாதுக்கா. தெருவும்தான் காரை கொட்டிக் கொட்டி ஏறிப்போச்சு, உன் பழைய தரை அதை விடத் தாழ்ந்துடும். வீட்டுக்குள்ள குளம் வெட்டுன மாதிரிதான்."

"குளத்துல நாலு நாள் நிக்கிறேன். இந்தக் கூண்டுல நாப்பது வருஷம் இருக்க முடியாது. நீ உடைக்கலேன்னா நான் கூலிக்கு ஆள் வைப்பேன். அவன் சுவரையும் சேர்த்து இடிச்சுடுவான். உனக்குத் தெரியுமே எங்க கை வைக்கணும்னு."

அந்த ஒன்றரை மாதம் நெட்டை வாழ்க்கையில் செய்த வேலையிலேயே மோசமான வேலையைச் செய்தார். கழிப் பக்கத்து ஆறு வீட்டுக்காரர்களும் கேட்டார்கள். கடப்பாரையை எடுத்தார். தான் பூசிய தரை என்பதால் எங்கே அடித்தால் விடும் என்று தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு அடிக்கும் நெஞ்சு பொறுக்கவில்லை. மனைவி இடிபாட்டைச் சட்டியில் அள்ளி வெளியே கொட்டினாள். ஒரு வீட்டு அடி அடுக்கில், ஈரமாக இருந்தபோது குழந்தை மிதித்த சின்னக் கால் தடம் இருந்தது. அந்தப் பிள்ளை இப்போது பத்தாவது படிக்கிறான். அவள் அந்தத் துண்டை மட்டும் உடையாமல் எடுத்து அந்த வீட்டுக்காரியிடம் கொடுத்தாள். கழிப் பக்கத்து ஆறு வீட்டுச் சுவரும் பழங்காலக் கருங்கல் சுவர். அடி தாங்கியது.

ஆறையும் முடித்துவிட்டு, மறு ஆய்வுக்கு எட்டு நாள் இருக்கும்போது தன் வீட்டில் கடப்பாரை போட்டார். மூலையில் தொடங்கினார். இரண்டு முழம் அகலத்துக்குத் தோண்டி, பழைய தரை வரைக்கும் இறங்கினார். மேல் அடுக்கு, நடு அடுக்கு, அடி அடுக்கு என்று அவருடைய பதினோரு வருஷமும் வரிசையாகத் தெரிந்தது. குழிக்குள் இறங்கி நின்றபோது தலை தகரத்தில் இடிக்கவில்லை. முதுகு நிமிர்ந்தது. எத்தனையோ நாள் கழித்துத் தன் வீட்டுக்குள் நிமிர்ந்து நின்றார். மனைவியும் குழிக்கு மேலே குந்தியபடி அதைப் பார்த்தாள்.

அப்போது சுவரைத் தொட்டார். இத்தனை வருஷம் நிரப்பலுக்குள் புதைந்திருந்த பகுதி அது. ஒரு செங்கல்லை விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது. உப்பு தின்ற கல், நனைத்த பிஸ்கோத்து மாதிரி உதிர்ந்து குழிக்குள் கொட்டியது. பக்கத்துக் கல்லைத் தொட்டார். அதுவும் அப்படியே. மேலே எங்கோ தகரம் கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டது.

"வெளிய போ," என்றார் மெதுவாக.

"என்னங்க?"

"பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வெளிய போ. சுவத்துல சாயாதே."

அவர்கள் போனதும் அவர் குழிக்குள்ளேயே நின்றார். ஒரு கொத்தனாருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சுவர் தரையைத் தாங்கவில்லை. தரைதான் சுவரைத் தாங்கிக்கொண்டிருந்தது. நிரப்பலை எடுத்தால் நாலு பக்கமும் உள்ளே விழும். கூரையை ஏற்றலாம் என்றால் சுவர் தாங்காது. தரையை இறக்கலாம் என்றால் சுவர் நிற்காது. மேலேயும் போக முடியாது, கீழேயும் போக முடியாது. தன் கையாலேயே கட்டி, தன் கையாலேயே நிரப்பி, தன்னையும் உள்ளே வைத்துப் பூசிக்கொண்ட மாதிரி இருந்தது.

தோண்டிய மண்ணையும் கல்லையும் அன்றே திரும்ப நிரப்பினார். மனைவி வந்து பார்த்தாள். கலவையைக் குழைத்துக் கொடுத்தாள். அந்த வரிசையில் இருந்த மற்ற நாலு வீடும் அதே செங்கல், அதே உப்பு. அவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். யாரும் அதற்குப் பிறகு கடப்பாரையைக் கேட்கவில்லை.

அமாவாசைத் தண்ணீர் வந்தது. சொல்லி வைத்த மாதிரி ஆறு வீட்டுக்குள்ளும் நுழைந்து, பள்ளத்தில் தங்கிவிட்டது. கடல் இறங்கினாலும் வீட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. ஐந்து நாள். கட்டிலை நாலு கல் வைத்து உயர்த்தி அதன் மேலேயே சமையல், படிப்பு, தூக்கம். டெய்லரக்கா தன் மெஷினைக் கயிறு கட்டிக் கூரை உத்தரத்தில் தொங்கவிட்டாள். நண்டு கட்டில் காலில் ஏறியது. இரண்டு பேருக்குக் காய்ச்சல். எதிர்ப்பக்கம், காய்ந்த தரையில், நெட்டை வீட்டுக்காரி இரண்டு அடுப்பு மூட்டி அத்தனை பேருக்கும் சோறு பொங்கிக் கொடுத்தாள். குனிந்து குனிந்து பரிமாறினாள். "தண்ணியில நிக்கிறவங்க தப்பிச்சாங்க, காஞ்சு கிடக்கிறவங்க மாட்டிக்கிட்டோம். இப்படி ஒரு கூத்தை எங்கயாச்சும் கேட்டிருக்கீங்களா?" என்றாள். டெய்லரக்கா அழுதுவிட்டாள்.

ஆறாம் நாள் அதே பெண் வந்தாள். ஆறு வீட்டிலும் நாடாவை இறக்கினாள். ஒன்றேகால் அடி, ஒன்றரை அடி. புதிதாக உடைத்த தரை அவள் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குவிந்து கிடந்த இடிபாட்டைப் பார்த்தாள். நெட்டையைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் எழுதினாள். பிறகு எதிர்ப்பக்கம் வந்தாள்.

"உங்க வீட்ல?"

"இல்லீங்க. தரை காஞ்சுதான் இருக்கு. ஆனா நீங்க ஒரு தடவை உள்ள வந்து நிமிர்ந்து நில்லுங்க, போதும்," என்றார்.

அவள் உள்ளே வந்தாள். உயரமானவள் இல்லை. இருந்தும் கையைத் தூக்கினால் தகரம் சுட்டது. சுவரோரமாக, கழுத்தை மடக்கிப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்த பாப்பா மரியாதைக்கு எழுந்து நின்றாள். எழுந்தும் குனிந்தேதான் நின்றாள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பாப்பாவையே பார்த்தாள்.

"இதுல உயரத்துக்குக் கட்டமே இல்லண்ணே," என்றாள், படிவத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டி. "தண்ணி எவ்வளவு, எத்தனை நாள், இவ்வளவுதான் கேக்குறாங்க. கீழ குறிப்புன்னு ரெண்டு வரி இடம் இருக்கு. அதுல எழுதறேன். யாரு படிப்பாங்கன்னு எனக்குத் தெரியாது."

எழுதினாள். பெரிய எழுத்தில், இரண்டு வரியில் அடங்காமல் ஓரத்திலும் எழுதினாள். பட்டியல் வந்தபோது ஆறு வீடு இருந்தது. ஐந்து வீடு இல்லை.

ஆறு குடும்பமும் ஒரே வாரத்தில் கிளம்பின. டெய்லரக்கா போகும்போது நெட்டையின் மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். "பாப்பாவை என்கிட்ட அனுப்பு. எனக்குத்தான் பிள்ளை குட்டி கிடையாதே. ரெண்டு அறை தர்றாங்களாம். அங்க பக்கத்துலயே பள்ளிக்கூடம்." யோசிக்கிறேன்க்கா என்றாள்.

யோசிக்க விடவில்லை அடுத்த மாதம். காலி செய்த வீட்டில் வேறு யாரும் குடியேறக் கூடாது என்று விதி. இயந்திரம் வந்து இரண்டே நாளில் ஆறு வீட்டையும் தரைமட்டமாக்கியது. கழியும் நெட்டை வீடும் நேருக்கு நேர் ஆயின. அதுவரை அந்த ஆறு கருங்கல் சுவர்தான் தங்களுக்கு அணையாக நின்றது என்பது அந்த ஐந்து வீட்டுக்கும் அப்போதுதான் புரிந்தது. அடுத்த பௌர்ணமிக்குத் தண்ணீர் தவழ்ந்து வரவில்லை, அலையாக வந்தது. வந்து படியில் மோதியது. ஒவ்வொரு மோதலுக்கும் சுவர் அதிர்ந்து, பூச்சு உதிர்ந்து, பாப்பாவின் புத்தகத்தில் விழுந்தது.

அவளை அனுப்பிவிட்டார்கள். நெட்டைதான் கொண்டுபோய் விட்டார். பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். நாலாவது மாடி. டெய்லரக்கா கதவைத் திறந்ததும் பழக்கத்தில் அவர் குனிந்தே நுழைந்தார், "நிமிருப்பா, இடிக்காது," என்று அக்கா சிரித்தாள். நல்ல வீடு. வெளிச்சம், காற்று. ஆனால் அக்கா இளைத்திருந்தாள். அங்கே துணி தைக்கக் கொடுக்க ஆளில்லை, பழைய வாடிக்கையாளர்கள் இத்தனை தூரம் வரமாட்டார்கள். சன்னல் வழியாகக் கீழே காட்டினாள். கட்டடத்தைச் சுற்றிலும் வெடித்துக் கிடந்த வயல். "இங்க தண்ணியே இல்ல தம்பி. வாரத்துக்கு ரெண்டு நாள் லாரி வருது. அங்க தண்ணி விரட்டுச்சு, இங்க நாம தண்ணியை விரட்டுறோம்." பாப்பா பால்கனியில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். போய்வருகிறேன் என்று சொன்னபோது, அழ மாட்டேன் என்று முடிவு செய்துகொண்டவள் மாதிரி தலையை மட்டும் ஆட்டினாள்.

நெட்டையும் மனைவியும் மற்ற நாலு வீட்டுக்காரர்களும் சேர்ந்து, இடிந்து கிடந்த கருங்கல்லை உருட்டி, கழிக்கும் வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு சுவர் ஒன்று எழுப்பினார்கள். கலவையை அளந்து போட அவர்களிடம் சிமெண்டு இல்லை. கல்லைக் கல்லோடு பூட்டி வைத்தார்கள். ஒவ்வொரு தண்ணீருக்கும் எங்காவது ஒரு பக்கம் சரியும். இறங்கியதும் எடுத்துக் கட்டுவார்கள். கணக்கெடுத்த பெண் ஒருமுறை தானாகவே வந்து பார்த்தாள். மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதியிருப்பதாகச் சொன்னாள். இப்போது அவளை வேறு வட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்வி.

பாப்பா மாதத்தில் இரண்டு ஞாயிறு வரலாம் என்று பேச்சு. எந்த ஞாயிறு என்பது அவர்கள் கையில் இல்லை. தேய்பிறை, வளர்பிறை பார்த்து, தண்ணீர் அடங்கி இருக்கும் நாளாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். போன தடவை கணக்குத் தப்பிவிட்டது. காற்று தெற்கே திரும்பியதில், மதியச் சாப்பாட்டில் கை வைத்தபோதே தெருவில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. மனைவி பாப்பாவின் தட்டை மூடி, அப்படியே துணியில் கட்டிக் கையில் கொடுத்தாள்.

"இருந்துட்டுப் போறேனேம்மா."

"இருந்தா அஞ்சு நாள் இருக்கணும். நாளைக்குப் பரீட்சையை யாரு எழுதுவா, உங்கப்பனா? கிளம்புடி."

நெட்டை மகளைக் கல்சுவர் மேலாக நடத்தி, கையைப் பிடித்து, பெரிய ரோடு வரைக்கும் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிட்டார். திரும்பி வரும்போது தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. மனைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுவரோரம் நின்றாள். வடக்கு மூலையில் இரண்டு கல் பெயர்ந்து, அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் சுழித்து உள்ளே வந்தது.

"பஸ்ஸுல இடம் கிடைச்சுதா அவளுக்கு?"

"சன்னலோரம் உக்காந்துட்டா."

"சரி, அந்தப் பெரிய கல்லைப் புரட்டுங்க. நான் சாக்கை வச்சு அடைக்கிறேன்."

அவர் தண்ணீருக்குள் கையை விட்டுக் கல்லைத் தேடினார்.